அனெட் நோர்பெர்க் எறிந்ததை நீங்களும் எறிந்து பார்க்கலாம்: ஒரு கர்லிங் அறிமுக வகுப்பு பற்றி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை கொஞ்சம் அதிகம், உடை மாற்றும் அறையின் கதவு சரியாகச் சாத்தாது, நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ஆனாலும் ஸ்டாக்ஹோம் பக்கம் குளிர்காலத்தில் ஒரு மாலையை எப்படித் தள்ளுவது என்று விழிக்கும் எவரையும் இந்த இரண்டு மணி நேர கர்லிங் அறிமுக வகுப்புக்குப் போகச் சொல்வேன். கர்லிங் என்பது பனித்தளத்தில் கனமான கல்லை வழுக்கவிட்டு, எதிர்க்கோடியில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு அருகே நிறுத்தும் ஆட்டம்; எதிரணிக் கல்லைவிட நடுவுக்கு அருகில் நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி. மன்றத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத உறுப்பினர்கள். குறைகளை எழுதும்போது பெயரும் இருந்தால் எனக்கே கை கூசும்.

நான் போனதற்கு அலுவலகம்தான் காரணம். எங்கள் காப்பீட்டு நிறுவனத்தில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். வழக்கமாக பௌலிங், இல்லாவிட்டால் படகில் இறால் விருந்து. இந்த முறை இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆக்சுவரிகள் கையில் சிக்கியது. யார் எந்த வயதில் போய்ச் சேருவார்கள், எத்தனை வீடுகள் தீப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டணம் நிர்ணயிப்பவர்கள் அவர்கள். விருந்துகளில் அவர்கள் பக்கத்து நாற்காலிக்கு யாரும் முண்டியடிப்பதில்லை. அப்படிப்பட்ட தொழிலிலிருந்து ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வென்றுவிட்டால் சும்மா இருப்பார்களா? அனெட் நோர்பெர்க் என்ற பெயரைச் சொல்லாமல் அவர்களால் ஒரு மதிய உணவை முடிக்க முடியாது. நான் இழப்பீட்டுப் பிரிவு. பனி என்றாலே எனக்கு வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்களின் விண்ணப்பங்கள்தான் நினைவுக்கு வரும். போன பிறகு என் கருத்து மாறியது. அடுத்த மாதமே கணவரையும் மகளையும் சொந்தக் காசில் அழைத்துப் போனேன். ஆகவே இந்த மதிப்புரை ஓசியில் எழுதியதல்ல.

நோர்பெர்க்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல முடியாது. 1966இல் ஸ்வீடனின் வடகிழக்குக் கடலோரத்தில் ஹெர்னோசாண்ட் என்ற சிறுநகரில் பிறந்தவர். 1988இல், 22 வயதில், முதல் ஐரோப்பியப் பட்டம். அடுத்த ஐரோப்பியப் பட்டம் எப்போது என்று நினைக்கிறீர்கள்? 2001இல். இடைப்பட்ட காலத்தில் ஸ்வீடன் மகளிர் கர்லிங் என்றால் எலிசபெத் குஸ்தாஃப்சன்தான். 1992இலிருந்து 1999க்குள் 4 உலகப் பட்டங்களும், 1998 நாகானோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றவர். அவர் அறுவை சிகிச்சை மருத்துவர் என்பது இன்னொரு வேடிக்கை. இந்த நாட்டில் கர்லிங் அணித் தலைவியாவதற்கு முதலில் ஏதாவது கடினமான பட்டப்படிப்பை முடித்துவிட்டு வர வேண்டும் போலிருக்கிறது.

13 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வந்தது சாதாரண வருகையல்ல. 2001 முதல் 2005 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் ஐந்து ஐரோப்பியப் பட்டங்கள், பிறகு 2007இல் இன்னொன்று. 2005இலும் 2006இலும் உலகப் பட்டம். 2006 டூரின் ஒலிம்பிக்கில் தங்கம், 2010 வான்கூவரில் மீண்டும் தங்கம். ஒலிம்பிக் கர்லிங் பட்டத்தை அடுத்த ஒலிம்பிக்கிலும் தக்கவைத்துக்கொண்ட முதல் அணித் தலைவர், ஆண்களையும் சேர்த்து, அவர்தான். அப்போது வயது 43. அந்த அணியோடு விடைபெற்றிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தன்னைவிட மிக இளையவர்களைச் சேர்த்துப் புது அணி கட்டி, 2011இல் டென்மார்க்கின் எஸ்பியார்க் நகரில் மூன்றாவது உலகப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

இத்தனைக்கும் இந்த ஊரில் அவருடைய புகழ் வித்தியாசமானது. ஐஸ் ஹாக்கிக்காரர்களுக்கும் பனிச்சறுக்கு வீரர்களுக்கும் இருக்கும் ஆரவாரம் இல்லை. டூரின் வெற்றி கொடுத்த சூட்டில், ஹாமர்ஃபால் என்ற ஹெவி மெட்டல் குழு நோர்பெர்க்கின் அணியைத் தன் இசைக் காணொளி ஒன்றில் நடிக்கவைத்தது. காப்பீட்டுக் கணக்குப் போடும் பெண்மணியும் தோழிகளும் நீண்ட கூந்தல் கிதார்க்காரர்களுக்கு நடுவே நிற்கும் அந்தக் காட்சியை எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் யாராவது போட்டுவிடுவார்கள். ஸ்வீடன்காரர்கள் அவரைக் கொண்டாடுவது அந்த மாதிரிதான்: சிரித்துக்கொண்டே, ஆனால் உள்ளுக்குள் பெருமையாக. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில் நாடே கர்லிங் நிபுணராகிவிடும், மார்ச்சில் மறந்துவிடும். 2018இல் மகளிர் அணித் தலைவி அன்னா ஹாசல்போரி தென்கொரியாவை 8–3 என்று வென்று தங்கம் வாங்கியபோதும், 2022 பெய்ஜிங்கில் ஆண்கள் அணித் தலைவர் நிக்லாஸ் எடின் கூடுதல் சுற்றில் பிரிட்டனை 5–4 என்று வீழ்த்தியபோதும் அதேதான். எடின் 2024க்குள் 7 உலகப் பட்டங்கள் வென்றவர். ஒலிம்பிக்கில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக ஏறியவர். புள்ளிவிவரத்தை வைத்துப் பார்த்தால் அவர்தான் பெரியவர் என்று எங்கள் மேலாளர் வாதிடுவார். ஆக்சுவரிகள் ஒத்துக்கொள்வதில்லை. நானும் இப்போது அவர்கள் கட்சி. ஏனென்று கீழே சொல்கிறேன்.

வகுப்புக்கு வருவோம். ஒருவருக்கு 395 குரோனா, பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதி. முன்பதிவுப் பக்கம் ஸ்வீடிஷ் மொழியில் மட்டும்தான். நெகிழ்வான கால்சட்டை, சுத்தமான அடிப்பகுதி உள்ள விளையாட்டுக் காலணி கொண்டுவரச் சொல்கிறார்கள். சுத்தம் என்பதை மிகக் கறாராக எடுத்துக்கொள்கிறார்கள்: வெளியே போட்டுவந்த காலணியோடு ஒருவர் பனிக்கு அருகே போனதற்கு அரங்கமே அதட்டியது. ஒரு மணல் துகள் போதும், அடுத்து வரும் கல்லின் பாதை கெட்டுவிடும். பிரஷ், இடது காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் வழுக்குத் தகடு, தலைக்கவசம் ஆகியவை கட்டணத்தில் அடக்கம். கையுறை இல்லை. ஹாலுக்குள் காற்று மழைக்கால ஊட்டியைவிடக் கடுமை, பனியோ மைனஸ் 5 டிகிரி.

பனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும் என்று நினைத்துக் குனிந்தேன். புதிதாகக் கொத்திய அம்மியைத் தடவியது போல இருந்தது. ஆட்டத்துக்கு முன் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறையவிடுகிறார்கள். அந்தப் புள்ளிகளின் மேல்தான் கல் ஓடுகிறது. கல் ஏறத்தாழ 19 கிலோ. ஸ்காட்லாந்துக் கடலில் ஐல்சா கிரெய்க் என்ற ஆளில்லாத் தீவு ஒன்று இருக்கிறது; ஒலிம்பிக் கற்கள் அதன் கிரானைட்டில் செய்யப்படுகின்றன. எங்களுக்குக் கிடைத்தவை மன்றத்தின் பழைய கற்கள். ஒன்றின் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபதைத் தாண்டியவர். இந்த வகுப்பின் நட்சத்திரம் அவர்தான். நிறையப் பேசவில்லை. கல்லை யாரும் தூக்கக் கூடாது, பின்னோக்கி நடக்கக் கூடாது, பனியில் முதலில் வைப்பது வழுக்காத கால், எடுப்பது வழுக்கும் கால் என்று நான்கு வாக்கியங்களில் பாதுகாப்புப் பாடம் முடிந்தது. பிறகு ரப்பர் பிடியில் காலை ஊன்றி, முழங்காலை மடக்கி, கல்லோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போவது. அவர் செய்து காட்டியபோது உடல் பனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அம்பு மாதிரி போய் நின்றது. நாங்கள் செய்தபோது ஒருவர் பக்கவாட்டில் சாய்ந்தார், ஒருவர் கல்லை விட்டுவிட்டுத் தான் மட்டும் போனார். என் கணவர் முழங்கால் வலியைச் சொன்னதும், நின்றபடியே கல்லைத் தள்ளும் நீண்ட கோல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் கேலியோ இரக்கமோ இல்லை. மன்றத்தின் மூத்த ஆட்டக்காரர்கள் பலரும் அப்படித்தான் ஆடுகிறார்களாம்.

கல்லை விடும்போது கைப்பிடியைப் பத்து மணித் திசையிலிருந்து பன்னிரண்டு மணிக்குத் திருப்ப வேண்டும். அந்தச் சின்னத் திருப்பத்தால்தான் கல் போகும் வழியில் வளைகிறது. எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கமே வளைகிறது. ஏன் அப்படி என்று கேட்டேன். உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013இல் சொன்ன விளக்கத்தைச் சொன்னார்: கல்லின் முன்விளிம்பு பனியில் நுண்ணிய கீறல்களைப் போட்டுக்கொண்டே போகிறது, பின்விளிம்பு அவற்றைக் கடக்கும்போது பக்கவாட்டில் இழுபடுகிறது. எல்லா இயற்பியலாளர்களும் இதை ஏற்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஒரு தபால்காரர் ஒரு கோட்பாட்டையும் அதன் மறுப்பையும் ஒரே மூச்சில் சொல்கிறார். இதற்கே பாதிக் கட்டணம் சரி.

துடைப்பதுதான் உடம்பை வாங்கும் வேலை. கல்லுக்கு முன்னால் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் பனி லேசாகச் சூடேறி உராய்வு குறையும்; கல் கூடுதல் தூரம் போகும், வளைவும் குறையும். தொலைக்காட்சியில் பார்க்கும்போது வீடு பெருக்குகிறார்கள் என்று நானும் சிரித்ததுண்டு. பாதி தூரத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. என் மகள் எறிந்த கல்லுக்கு நான் துடைத்துக்கொண்டே “இன்னும் போ, இன்னும் போ” என்று தமிழில் கத்த, “அம்மா, கத்தாதே, எல்லோரும் பார்க்கிறார்கள்” என்றாள். பயிற்சியாளர் அவளைத் திருத்தினார்: கத்தினால்தான் கர்லிங். 40 மீட்டருக்கும் மேல் நீளமான தளத்தின் அந்தக் கோடியில் நிற்கும் தலைவிக்கும் துடைப்பவர்களுக்கும் நடுவே வேறு தந்தி எதுவும் கிடையாது.

இந்த வகுப்பை மற்ற அரங்குகளின் வகுப்புகளிலிருந்து பிரித்துக் காட்டுவது கடைசி அரைமணி. பயிற்சியாளர் வட்டத்துக்குள் இரண்டு கற்களைக் கொஞ்சம் முன்பின்னாக, சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தார். “டூரின்” என்று மட்டும் சொன்னார். ஆக்சுவரிகள் பக்கம் ஒரு சலசலப்பு. அதே அமைப்பு இல்லை, நமக்காக எளிதாக்கியிருக்கிறேன் என்றார். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கல். இரண்டையும் வெளியேற்ற வேண்டும்.

பின்னணி இதுதான். 2006 பிப்ரவரி 23. டூரினுக்கு அருகே பினெரோலோவில் இறுதி ஆட்டம். எதிரே மிர்யாம் ஓட் தலைமையில் ஸ்விட்சர்லாந்து. பத்துச் சுற்றுகள் முடிந்தும் 6–6. கூடுதல் சுற்றில் கடைசிக் கல் ஸ்வீடன் கையில், அதாவது நோர்பெர்க் கையில். ஒரே கல்லில் இரண்டு ஸ்விஸ் கற்களைத் தட்டித் தூக்கினார். 7–6, தங்கம். வெற்றியையும் தோல்வியையும் சமநிலை என்ற மூன்றாவது கதவு இல்லாமல் ஒரே கல்லில் வைத்துக்கொண்டு நிற்பது அது. கல் கையைவிட்டுப் போன பிறகு எறிந்தவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. மிச்சம் துடைப்பவர்கள் பாடு. அந்த அணியில் நோர்பெர்க்கின் தங்கை கத்ரின் லிண்டாலும் இருந்தார். உடன் ஈவா லுண்ட், அன்னா ஸ்வார்ட்.

எங்கள் கதை என்ன? முதல் ஆள் இரண்டுக்கும் நடுவே கல்லை அனுப்பினார். கல் ஒன்றையும் தொடாமல் மரியாதையாக வெளியே போயிற்று. அடுத்தவர் முதல் கல்லை நட்டநடுவில் அடித்தார். அது பறந்தது, எறிந்த கல் அங்கேயே நின்றுவிட்டது. அப்போதுதான் புரிந்தது: நடுவில் அடித்தால் வேகம் முழுவதும் அந்தக் கல்லுக்கே போய்விடும். ஓரத்தில் அடிக்க வேண்டும், ஆனால் எவ்வளவு ஓரத்தில் என்பதில் விரற்கடை தவறினாலும் இரண்டாவது கல் தப்பிவிடும். அந்த விரற்கடையை முடிவு செய்வது எங்கே? 30 மீட்டருக்கு முன்னால், கை கைப்பிடியை விடும் நொடியில். அதோடு கல் நேராகவும் போகாது. வளையும் அளவை முன்கூட்டியே கழித்துக் குறி வைக்க வேண்டும். ஆக்சுவரிகளில் மூத்தவர், கோணத்தைத் தாளில் வரைந்தே கொண்டுவந்திருந்தவர், கல்லை வட்டம் வரைகூடக் கொண்டுசேர்க்கவில்லை. எங்களில் ஒருவர்கூட இரண்டையும் தூக்கவில்லை. இரண்டாம் முறை போனபோது என் மகளின் கல் ஒன்றை வெளியேற்றி மற்றொன்றை லேசாக உரசியது. வீட்டில் இன்றுவரை அதுதான் பேச்சு.

எடினைவிட நோர்பெர்க் பக்கம் நான் சாய்ந்தது இந்த அரைமணியால்தான். எடின் அணி முழுநேரம் இதையே செய்கிறது. ஹாசல்போரி அணியும் அப்படித்தான். நோர்பெர்க் தலைமுறை அலுவலக வேலையைப் பார்த்துக்கொண்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு ஆடிய தலைமுறை. வாரத்தில் ஐந்து நாள் மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அப்படி உட்கார்ந்திருந்த கை அந்த விரற்கடையை எட்டியது என்பதுதான் பெரிதாகத் தெரிகிறது. இது நியாயமான அளவுகோலா என்றால் இல்லை. மேலாளரின் பட்டப் பட்டியல் அப்படியேதான் இருக்கிறது.

2010 வான்கூவர் ஆட்டத்தையும் செய்து காட்டச் சொன்னோம். முடியாது என்றார் பயிற்சியாளர், காரணம் அழகானது. அந்த இறுதியில் கனடா 6–4 என்று முன்னிலையில் இருந்தது. பத்தாவது சுற்றில் ஸ்வீடன் இரண்டு புள்ளி எடுத்துச் சமன் செய்தது. கூடுதல் சுற்றில் கடைசிக் கல் கனடாவின் ஷெரில் பெர்னார்டுடையது. அது தவறியது. ஸ்வீடன் ஒரு புள்ளியைத் தட்டிப் பறித்து 7–6 என்று வென்றது. அங்கே நோர்பெர்க்கின் கடைசி வேலை எதிராளியின் கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பது மட்டுமே. அதற்கு வகுப்பு நடத்த முடியாதல்லவா?

இனி என் புகார்ப் பட்டியல். இரண்டு மணி நேரம் என்று பணம் வாங்கிவிட்டு, முடிய கால்மணி இருக்கும்போதே மன்றத்தின் வாராந்தரப் போட்டிக்காரர்கள் பிரஷ்ஷோடு வந்து ஓரமாக நின்று நம்மை முறைக்கத் தொடங்குகிறார்கள். நான்கு கல் கொண்ட குட்டி ஆட்டம் ஒன்று உண்டு என்று எழுதியிருக்கிறது. இரண்டு முறையும் அது பாதியில் நின்றது. கேட்டதற்கு அடுத்த முறை பத்துச் சதவீதத் தள்ளுபடி என்றார்கள், அடுத்த முறை அந்தச் சலுகையைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர் என்பது அதிகம். எட்டுப் பேர் இருந்தால் காத்திருக்கும் நேரம் குறையும், குளிரும் குறையும். கீழே இருக்கும் சிற்றுண்டிக் கடையில் பட்டாணி சூப் நன்றாக இருக்கிறது. காபி வேண்டாம். சைவம் கேட்டால் சூப்பில் பன்றி இறைச்சி இருக்கிறதா என்று இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

பிடித்த இன்னொன்று: நடுவர் கிடையாது. ஓடும் கல்லில் உங்கள் பிரஷ் பட்டுவிட்டால் நீங்களே சொல்ல வேண்டும். எங்கள் இழப்பீட்டுப் பிரிவுக்காரர்கள் இந்த விதியைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள், பிறகு ஆட்டத்தில் ஒழுங்காகச் சொன்னார்கள்.

யாருக்கு ஏற்றது? பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நிச்சயமாக. புகைப்படம் எடுத்துப் போட மட்டும் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். தலைக்கவசத்தில் யாரும் அழகாகத் தெரிவதில்லை. போவதற்கு முன் 2006 இறுதியின் கடைசிக் கல்லை இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், வந்த பிறகு மறுபடி பாருங்கள். இலையுதிர்காலத்திலிருந்து வசந்தம் தொடங்கும் வரைதான் பனி போடுகிறார்கள், ஞாயிறு மாலை சீக்கிரம் நிறைந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பதிவு செய்யும்போதே தள்ளுகோல் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். அரங்கில் இருப்பதே இரண்டு. அதில் ஒன்றை என் கணவர் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.